நாவலும் படமும்: விமர்சனம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாவல் படமாகி வெளியாகும் வாரத்தில் வரும் விமர்சனங்களில் பல, எதெல்லாம் விடுபட்டுப் போனது என்ற பட்டியலாகவே முடிந்துவிடுகின்றன. கல்கியின் நாவலிலிருந்து எடுத்த 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களும் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தபோது இதை நிறையவே பார்த்தோம். மணிமேகலை எங்கே, அந்தக் காட்சி எங்கே, இந்த வசனம் எங்கே என்று ஒரே கேள்விகள். நாவலை நேசித்துப் படித்தவர்களுக்கு அந்த ஏக்கம் வருவது இயல்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பாக நாவலை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் நிறைய விடுபடத்தான் செய்யும். விமர்சனம் எழுதுபவர் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: அது விடுபட்டதால் கதைக்கு என்ன ஆனது?

(முன்பே சொல்லிவிடுகிறேன், இனி இரண்டு நாவல்களின் முடிவைப் பற்றியும் பேசப் போகிறேன். நாவல் வந்து எழுபது ஆண்டு ஆனாலும், படத்தின் வழியாக முதல்முறை அந்தக் கதைக்குள் வருபவர்கள் இருப்பார்கள். "எல்லாருக்கும் தெரிந்த கதைதானே" என்று முடிவைப் போட்டு உடைப்பதும் ஒரு தவறுதான்.)

சேந்தன் அமுதனை எடுத்துக்கொள்வோம். நாவலில் இவன் பூமாலை கட்டி இறைவனுக்குச் சாத்தும் எளிய பக்தன். கடைசியில் உண்மையான சோழ இளவரசன் மதுராந்தகன் இவன்தான் என்று தெரியவர, அருள்மொழிவர்மர் தனக்கு வர வேண்டிய மகுடத்தை இவன் தலையில் சூட்டுகிறார். படத்தில் இந்த ஆள்மாறாட்டமே கிடையாது. அரியணைக்குப் போட்டியாக நின்ற மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது. "சேந்தன் அமுதனின் ரகசியத்தை எடுத்துவிட்டார்கள்" என்று எழுதுவது தகவல் மட்டும்தான். ஆசையே இல்லாத ஒருவனுக்கு நாட்டைக் கொடுப்பதும், அதற்காகச் சதியில் சேர்ந்தவனுக்குக் கொடுப்பதும் வேறு வேறு தியாகங்கள் என்று எழுதினால் அது விமர்சனம். படத்தின் தேர்வால் திருப்பம் குறைகிறது, அரசியல் கூடுகிறது என்பது என் கருத்து. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். அதற்கும் அந்த மாற்றத்தின் விளைவைத்தான் பேசியாக வேண்டும்.

இதே பார்வைக்கு இன்னும் நல்ல உதாரணம் பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் பதினைந்து வயதுச் சிதம்பரம் போகிறான். ஆள் செத்தே போகிறான். அப்புறம் எட்டு நாள், அப்பாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். நாம் சிதம்பரத்தின் பக்கத்திலேயே நடக்கிறோம், அவன் பசியோடும் பயத்தோடும். வெற்றிமாறனின் 'அசுரன்' 2019இல் வந்தபோது நடுவிடம் அப்பாவுக்குப் போய்விட்டது. சிவசாமிக்கு ஒரு பெரிய கடந்தகாலம் வந்தது, அதில் கீழ்வெண்மணியில் தலித் கூலி விவசாயிகள் எரித்துக் கொல்லப்பட்டதை நினைவூட்டும் குடிசை எரிப்பு வந்தது, தலித் மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் வந்தது. நாவல் அப்பனும் மகனும் சரணடையப் போவதோடு முடிகிறது. படத்தில் சிவசாமி பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, மகனிடம் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்.

இதை "நாவலைச் சிதைத்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் தள்ளியவர்களும் உண்டு, "நாவலைவிட மேலே போய்விட்டது" என்று கொண்டாடியவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். படம் ஒரு குடும்பத்தின் ஓட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைக் கண்முன் நிறுத்தியது, அது பெரிய காரியம். அதற்குக் கொடுத்த விலை, கதையை அந்தப் பையனின் கண் வழியே பார்க்கும் பார்வை. ஒளிந்திருக்கும் இடத்திலும் அப்பாவும் மகனும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அந்த நிதானம் படத்தில் இல்லை. எனக்கு அந்த இழப்பு பெரிதாகப் படுகிறது. ஆனால் கிடைத்ததையும் சேர்த்துச் சொல்லாமல் இழந்ததை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

அடுத்தது, நினைவை நம்பி எழுதுவது. பள்ளி நாட்களில் படித்த நாவல் மனதில் வளர்ந்துகொண்டே இருக்கும். அதில் இல்லாத காட்சிகூட இருந்ததாகத் தோன்றும். முழு நாவலையும் திரும்பப் படிக்க நேரமில்லை என்றால், குறைந்தது நீங்கள் குறிப்பிடப் போகும் அத்தியாயங்களையாவது புரட்டிவிட்டு எழுதுங்கள். ஒரு வசனத்தை இயக்குநரின் சாமர்த்தியம் என்று புகழ்வதற்கு முன்னால், அது எழுத்தாளருடையதா என்று பார்ப்பதும் இதில் அடக்கம். எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது.

நாவலையே வரலாறு என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைப் படம் கண்முன் காட்டியதும் "வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்" என்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். கல்கி அதை யார் செய்தது என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டார். நந்தினியோ அவருடைய கற்பனைப் பாத்திரம். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்கிறது. கல்வெட்டு, நாவல், படம் மூன்றும் தனித்தனி. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

நடிகர் தேர்வைப் பற்றி ஒன்று. "என் மனதில் இருந்த வந்தியத்தேவன் இவர் இல்லை" என்பதை வைத்து ஒரு பத்தி எழுத முடியாது. தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் பல தலைமுறைகளின் கற்பனைக்கு முகம் கொடுத்துவிட்டன. நடிப்பு பாத்திரத்தின் குணத்தைப் பிடித்ததா என்று பேசுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள்.

"எழுத்தாளரே திரைக்கதை எழுதியிருந்தால்..." என்று வருத்தப்படுபவர்கள் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தைப் பார்க்க வேண்டும். 1977இல் வந்த அந்தப் படத்துக்கு ஜெயகாந்தனே எழுதினார். கதையின் பயணத்தையும் கவனியுங்கள். அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், அந்நியன் ஒருவனிடம் சிக்கி வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, பிறகு எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவரே மாற்றிப் பார்த்தார். மூலத்தைக் கொஞ்சமும் தொடக் கூடாது என்ற பிடிவாதம் அதைப் படைத்தவரிடமே இல்லை.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) இதற்கு மறுமுனை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு முற்றிலும் வேறு கதைக்குப் போனது. இங்கே வரிக்கு வரி ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது வீண் வேலை. எந்தப் பொறி, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தேடினால் போதும்.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படித்து எழுதுபவர்களும் இப்போது அதிகம். 'வெக்கை'க்கு அப்படி வந்த வாசகர்கள் ஏராளம். அவர்களில் சிலர் "பிளாஷ்பேக் இல்லாததால் நாவல் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். படத்தின் அளவுகோலை நாவலுக்கு வைக்கிறார்கள். அந்த நாவல் எழுதப்பட்டது படத்துக்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னால். தனுஷின் முகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் பக்கத்தில் கொலை செய்துவிட்டு இருட்டில் ஓடும் அந்தப் பையனோடு ஓடிப் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.