டிவி நகைச்சுவை மீது புகார்: நானும் செய்த தவறுகள்

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மனு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஒன்பது பேருக்கு நகல் போட்டிருந்தார். ‘மேற்படி நிகழ்ச்சி எங்கள் பகுதி மக்களின் மனதைப் புண்படுத்திவிட்டது’ என்று தொடங்கி மூன்று பக்கம். எந்த நிகழ்ச்சி என்று கேட்டேன். “ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்டாம்லா, அதான்” என்றார். அந்த விவரம் மனுவில் எங்கேயும் இல்லை.

கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. இதே மனுவை நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். கையெழுத்துப் போட மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

டிராய்க்கு எழுதுவது

எழுதாதீர்கள். அது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்; சேனல் கட்டணமும் இணைப்பும்தான் அவர்கள் வேலை.

சென்சார் போர்டுக்கு எழுதுவது

அது சினிமாவுக்கு.

கெட்ட வார்த்தையை எழுதக் கூச்சப்படுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காமெடி நிகழ்ச்சி. மேடையேறியவர் நம்ம ஊர்க்காரர். ‘ஏலே’ என்று அவர் வாயைத் திறந்ததும் நடத்துனர், “திருநெல்வேலியா? பையில அரிவாள் இருக்கா?” என்றார். அதுகூடப் போகட்டும், கேட்டுக் கேட்டுச் சலித்த ஜோக். அடுத்து அந்த மனிதரின் மனைவியைப் பற்றி ஒரு வரி வந்தது. அரங்கமே சிரித்தது. எங்கள் வீட்டில் டிவியை அணைத்துவிட்டோம்.

அன்றிரவே நான்கு பக்கம் எழுதினேன். ‘நா கூசும் சொற்கள்’, ‘பெண்மையை இழிவுபடுத்தும் வசனம்’, ‘நெல்லைச் சீமையின் மானம்’ எல்லாம் இருந்தன. அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அதை எப்படிக் கடிதத்தில் எழுத என்று விட்டுவிட்டேன்.

சேனலிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: எந்தப் பகுதி என்று குறிப்பிடவும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘உங்கள் நிகழ்ச்சியை நீங்களே பார்க்க மாட்டீர்களா’ என்று மல்லுக்கட்டினேன். மாதங்கள் ஓடின. கடைசியில் சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் சொன்னது நடத்துனரா, பக்கத்தில் இருந்த விருந்தினரா என்றே சந்தேகம். கூடப் பார்த்தவர்களைக் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சேனல்கள் ஒளிபரப்பின் பதிவை 90 நாள் வைத்திருந்தால் போதும். அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. நான்கு பக்கமும் வீண்.

ஆகவே தேதி, நேரம், சேனல், நிகழ்ச்சி, யார் சொன்னது, என்ன சொன்னது எல்லாம் வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். புள்ளி வைக்காதீர்கள். புகாரைப் படிப்பவர் உங்கள் சம்பந்தி இல்லை.

அப்புறம், ‘மனம் புண்பட்டது’ என்பதோடு நிறுத்தாதீர்கள். 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளின் 6ஆம் விதிதான் நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை. புகாரை அதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். பெண்களை இழிவுபடுத்தக் கூடாது என்பது அதில் ஒரு பிரிவு. ஒரு மொழியையோ வட்டாரத்தையோ சேர்ந்தவர்களை இளக்காரமாகக் காட்டக் கூடாது என்று இன்னொரு பிரிவே இருக்கிறது. அரிவாள் ஜோக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போல. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

வாட்ஸப்பில் வந்த துண்டை நம்புவது

முப்பது வினாடித் துண்டில் கேலி யார் மேல் என்றே தெரியாது. சாதித் திமிர் பிடித்தவனைக் கிண்டல் செய்யும் காட்சியில் அந்தத் திமிர் வசனத்தை மட்டும் வெட்டிப் பரப்புவார்கள். விசாரிப்பவர்கள் முன்பின் சேர்த்து, எந்த நேரத்தில் வந்தது என்பது வரை பார்ப்பார்கள். முழு நிகழ்ச்சியையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

ஊனத்தை வைத்து வரும் நகைச்சுவையில் இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் பேசியது. ஊனமுற்றவரை மட்டம்தட்டும் சிரிப்பு ஒன்று, ஊனத்தைப் புரியவைக்கும் சிரிப்பு வேறு. புகார் எழுதும் முன் நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆள் சேர்ப்பது

வண்ணார்பேட்டையில் நின்று ஐந்நூறு கையெழுத்து வாங்கினாலும் ஜோக் அதே ஜோக்தான். 2005இல் பிபிசி காட்டிய ஓர் இசை நாடகத்தின் மீது பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 16,000க்கு மேல் புகார்கள் குவிந்தன. விதிமீறல் இல்லை என்று முடித்துவிட்டார்கள். உருப்படியான ஒரு கடிதம் போதும்.

படி தாண்டுவது

நேரே மந்திரிக்கு எழுதினால் காகிதம் ஊர் சுற்றும். அதே கேபிள் டிவி விதிகளில் 2021இல் வந்த திருத்தப்படி மூன்று படிகள். முதலில் சேனல்: 24 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையா, அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு. பொழுதுபோக்குச் சேனல்களுக்கு 2011இல் தொடங்கிய பி.சி.சி.சி. என்ற புகார்க் குழு இருக்கிறது, தலைமை ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. இந்தப் படிக்கு 60 நாள். அதிலும் சரிவராவிட்டால் இன்னொரு 15 நாளுக்குள் மத்திய அரசு. ஒன்பது நகலும் ஒரே நாளில் போனால் இந்த வரிசையே குழம்பிவிடும்.

கலெக்டர் மனு நாள்? உள்ளூர் கேபிள் சேனல் என்றாலோ, ஊரில் கலவரம் மூளும் நிலை என்றாலோ போகலாம். சென்னையில் எடுத்த காமெடிக்கு அங்கே வரிசையில் நின்று பயனில்லை.

நஷ்டஈடு கேட்பது

கிடைக்காது. எச்சரிக்கை, கண்டனம், மன்னிப்பு, காட்சியை நீக்கச் சொல்வது, இப்படித்தான் நடவடிக்கை இருக்கும்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு நகலைக் கிழித்தோம். மூன்று பக்கம் ஒன்றானது. அந்த வரி வந்ததும் பேனா நின்றுவிட்டது. “இதப் போயி எப்படி எழுத? முதல் எழுத்தப் போட்டுப் புள்ளி வச்சிரட்டுமா?” என்றார்.

“முழுசா எழுதுங்க அண்ணாச்சி.”

எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எழுதினார்.