ஹாமக்கில் குளிராமல் நனையாமல் தூங்க: முதலில் முதுகைக் கவனியுங்கள்

ஹாமக்கில், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தூளியில், நான் தங்கிய முதல் இரவில் தடிமனான ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பை), குல்லா, இரண்டு அடுக்கு சாக்ஸ் எல்லாம் இருந்தன. அப்படியும் நள்ளிரவு தாண்டியதும் முதுகு விறைத்துவிட்டது. நெஞ்சுப் பக்கம் வியர்வை, இடுப்புக்குக் கீழே நடுக்கம். இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஸ்லீப்பிங் பேக்கில் நம்மைச் சூடாக வைப்பது அதன் பஞ்சோ இறகோ அல்ல, அவற்றுக்கு நடுவில் சிக்கியிருக்கும் காற்று. மேலே படுத்ததும் அடிப்பக்கம் நசுங்கி அந்தக் காற்று போய்விடும், ஹாமக்குக்குக் கீழே வீசும் காற்றோ உடம்புச் சூட்டை அள்ளிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே பலருக்கு முதுகு குளிர ஆரம்பித்துவிடும். அதனால் போர்வையை விட விரிப்புதான் இங்கே முக்கியம்.

படி 1: கட்டுவது

முடிச்சு போடுவதை விளக்கப்போவதில்லை. ஹாமக்கை மரத்தில் கட்டும் நாடாப் பட்டை தரைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும், உட்கார்ந்தால் நாற்காலி உயரம் வந்தால் போதும். தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிடுங்கள். படுக்கும்போது நேராக இல்லாமல் குறுக்குவாட்டில் படுங்கள், முதுகு வளையாது.

படி 2: அடியில் என்ன போடுவது

முதல்முறை என்றால் மடக்கும் ஃபோம் மேட் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். தண்ணீர் குடிக்காது, ஓட்டை விழுந்து காற்று இறங்கும் பயமும் இல்லை. ஆனால் இரவெல்லாம் வழுக்கிக்கொண்டே இருக்கும், தோள்பட்டை இரண்டு பக்கமும் வெளியே நிற்கும். இரண்டு அடுக்குத் துணி உள்ள ஹாமக் என்றால் மேட்டை நடுவில் செருகிவிடலாம், பாதித் தொல்லை போய்விடும். காற்றடைக்கும் மேட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் படுங்கள், முழுக்க ஊதினால் படகில் படுத்தது போல ஆடும்.

அடுத்த கட்டம் அண்டர்கில்ட். ஹாமக்குக்கு வெளியே, அடிப்பக்கமாகத் தொங்கவிடும் ரஜாய் இது. நாம் அதன்மேல் நேரடியாகப் படுப்பதில்லை, அதனால் நசுங்காது. நான் இரண்டு இரவு கோட்டைவிட்டது இதில்தான். முதல் இரவு, நசுங்கிவிடுமோ என்ற பயத்தில் தளர்வாகக் கட்டினேன். ஹாமக்குக்கும் ரஜாய்க்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி, அதில் காற்று புகுந்து விளையாடியது. மறுநாள் எலாஸ்டிக் கயிற்றை இழுத்து இறுக்கினேன், ரஜாய் தட்டையாகிப்போனது, அதே குளிர். பிரச்சினை என்னவென்றால் இரண்டு முறையும் ஹாமக் காலியாக இருக்கும்போதே சரிசெய்துவிட்டு உள்ளே ஏறினேன். ஆள் ஏறியதும் ஹாமக்கின் வடிவமே மாறிவிடும்.

நீங்கள் படுத்துக்கொண்டு, கூட இருப்பவரை முதுகுக்கு அடியில் ஹாமக்குக்கும் ரஜாய்க்கும் இடையே கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரஜாய் முதுகை ஒட்டியும் இருக்க வேண்டும், உப்பலாகவும் இருக்க வேண்டும். தனியாகப் போனால் ஐந்து நிமிடம் அசையாமல் படுத்து, எந்த இடம் சில்லிடுகிறது என்று பார்த்து அந்தப் பக்கக் கயிற்றை மட்டும் கொஞ்சம் இழுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். இறகு அடைத்தது எடை குறைவுதான், ஆனால் நனைந்தால் உப்பல் போய்விடும், அதனால் மழைப் பக்கம் போகிறவர்களுக்கு நான் செயற்கைப் பஞ்சைத்தான் சொல்வேன்.

படி 3: மழை

தார்ப்பாய் ஹாமக்கின் இரண்டு முனையையும் தாண்டி ஒரு சாண் நீளமாவது இருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். என் விருப்பம் பாலியஸ்டர், ஏனென்றால் நைலான் ஈரமானால் நீண்டு தொய்யும், நடுராத்திரி எழுந்து மறுபடி இழுத்துக்கட்ட வேண்டியிருக்கும்.

தார்ப்பாய் சரியாக இருந்தும் நனைகிறீர்களா? மரத்தில் வழியும் தண்ணீர் நாடாப் பட்டை வழியாகவே உள்ளே வந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கப் பட்டையிலும் ஒரு சின்ன நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள், தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். பருத்தி நூல் நல்லது, ஈரத்தை இழுக்கும்.

படி 4: படுக்கும் முன்

நடந்த வியர்வைத் துணியோடு படுக்காதீர்கள், உலர்ந்ததற்கு மாறிவிடுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு சோம்பேறியாகக் கிடக்க வேண்டாம், எப்படியும் மூன்று மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும். கெட்டியான மூடியுள்ள பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்து, துணி சுற்றித் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விடாதீர்கள், காலையில் பை ஈரமாக இருக்கும்.

பிற்சேர்க்கை: நூல் கட்டியும் நனைந்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்தால், இருவருமே நூலை மரத்தை ஒட்டி, தார்ப்பாய்க்கு வெளியே கட்டியிருக்கிறார்கள். நூலைத் தாண்டியும் பட்டைமேல் மழை விழுமே! தார்ப்பாயின் விளிம்புக்கு உள்ளே, ஹாமக் முனைக்குச் சற்று முன்னால் கட்டுங்கள். நூலின் நுனிக்கு நேர் கீழே செருப்பைக் கழற்றி வைக்காதீர்கள். அது நான் செய்தது.