வேலை கைமாறியது, நினைப்பு மாறவில்லை

வாட்டர்கலர் பழக வருகிறவர்களில் பலர் நேரமே கிடைப்பதில்லை என்பார்கள். விசாரித்தால் வாரத்தில் சில மணி நேரம் கையில் இருக்கும். ஆனால் அந்த நேரத்திலும் மனம் வீட்டு வேலைகளை எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் நானும் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பட்டியல் போடுங்கள், போன் அறிவிப்புகளை நிறுத்துங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு உட்காரலாம் என்று இருப்பது

எல்லாம் ஒருநாளும் முடியாது. முதலில் உட்காருங்கள்.

வேலையைக் கொடுத்துவிட்டு, அதை நினைவில் வைக்கும் பொறுப்பைத் தானே சுமப்பது

என்னிடம் பழகும் ஒரு பெண், பிள்ளைகளின் பள்ளி விஷயங்களைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். ஆனாலும் வாஷ் போடும்போது, அதாவது நீர்த்த வண்ணத்தைத் தாளில் பரப்பும்போது, பாதியில் நிறுத்தி, போனை எடுத்து, "என்னங்க, அந்த ஃபார்ம் குடுத்தாச்சா?" என்று கேட்பார். தாள் ஈரமாக இருக்கும்போதே வாஷை முடித்துவிட வேண்டும். நடுவில் நின்றால் விளிம்பு காய்ந்து கோடாகிவிடும், அப்புறம் அதை மறைப்பது பெரும்பாடு. அவர் படங்களில் அந்தக் கோடு திரும்பத் திரும்ப விழுந்தது. ஒருநாள் கேட்காமல் இருந்து பார்த்தார். ஃபார்ம் போகவில்லை. "நீ ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருந்தா குடுத்திருப்பேனே" என்றாராம் கணவர்.

அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிறது. ஃபார்மைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். அது வரப்போகிறது என்று முன்கூட்டியே நினைப்பதும், போய்ச் சேர்ந்ததா என்று கவனிப்பதும் நாள் முழுக்க ஓடும் வேலை. அமெரிக்க சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மூளை வேலையை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவைப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே எடுத்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் அதிகமாகப் பெண்கள் தலையில்தான் விழுந்தன.

ஆகவே கொடுப்பதானால் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். "பள்ளியிலிருந்து வரும் செய்திகள் இனி உங்கள் போனுக்கே வரட்டும், தேதியும் உங்கள் காலண்டரில் இருக்கட்டும்" என்று பேசி முடித்துவிடுங்கள். எப்படிச் செய்தால் போதும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடுவில் கேட்காதீர்கள். தொடக்கத்தில் ஏதாவது தவறும், தவறட்டும். மருந்து, கடன் தவணை மாதிரி தவறவே கூடாதவற்றுக்கு மட்டும் இருவர் போனிலும் நினைவூட்டல் இருக்கட்டும். இன்னொன்று, இப்படிச் சுமப்பவரை "அவளுக்கு எப்பவும் டென்ஷன்" என்று சொல்லாதீர்கள். அது அவர் சுபாவம் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் வேலை.

செயலி மாற்றிச் செயலி தேடுவது

வேலைகளைக் குறித்து வைக்க ஒன்று போதும், தாளானாலும் சரி.

ஒற்றைச் சொல்லில் குறித்து வைப்பது

'வங்கி' என்று மட்டும் எழுதினால் மனம் அதை விடாது. முடிக்காத வேலை மற்ற வேலைகளுக்கு நடுவே வந்து தொந்தரவு செய்யும் என்பதையும், எப்போது எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே, வேலை முடியாவிட்டாலும், அந்தத் தொந்தரவு குறையும் என்பதையும் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனைகளில் காட்டினார்கள். 'வியாழன் காலை, ஆபீஸ் போகும் வழியில், முகவரி மாற்றும் படிவம்' என்று எழுதுங்கள். வரையும் இடத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால், நடுவில் நினைவு வருவதையும் இப்படியே எழுதிவிட்டுத் தூரிகைக்குத் திரும்பலாம்.

உட்கார்ந்த பிறகு என்ன வரைவது என்று யோசிப்பது

நாளெல்லாம் முடிவெடுத்துக் களைத்து வந்தவருக்கு இன்னொரு முடிவு வேண்டாம். ஒரு படத்தை வரைந்துவிட்டு இடத்தைவிட்டு எழும் முன்பே அடுத்த படத்துக்கான தாளை ஒட்டி, மூன்று வண்ணங்களைத் தேர்ந்து, பார்த்து வரைய வேண்டிய போட்டோவையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.