தலங்கமக் குளத்தில் உயிரினங்களைப் பார்ப்பது எப்படி?

காட்டுயிர் பார்க்க யாலவுக்கோ வில்பத்துவுக்கோதான் போகவேண்டும் என்று கொழும்பில் வாழும் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின்கீழ் 2018ஆம் ஆண்டில் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற இந்நகரைச் சுற்றிச் சதுப்புகளும் குளங்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. முதன்முறை புறப்படுபவருக்கு நான் சொல்வது, பத்தரமுல்லைக்கு அருகிலுள்ள தலங்கமக் குளம்.

விடியும்போதே கரையில் இருங்கள். வெயில் ஏறினால் பறவைகள் நிழலுக்கு ஒதுங்கிவிடும். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி போதுமானது. ஒக்டோபர் முதல் மார்ச் வரையான மாதங்களில் வலசை வரும் பறவைகளையும் சேர்த்துக் காணலாம்.

குளத்தைச் சுற்றி நடப்பதைவிட, நீரில் இலைகள் அடர்ந்து மிதக்கும் ஓரிடத்தைத் தெரிந்து அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பதே நல்ல பலன் தரும். முதலில் வெறும் இலைப்பரப்பாகத் தெரிந்த இடத்தில், சற்று நேரத்தில் நீளவால் இலைக்கோழி ஒன்று, விரிந்த நெடுவிரல்களால் தன் எடையைப் பரப்பி, இலைமேல் இலையாகக் கால்மாற்றி நடந்துவருவதைக் காண்பீர்கள். பெண் முட்டையிட்டுவிட்டு வேறு இணையைத் தேடிப் போய்விட, அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண்தான். முட்டைகள் மிதக்கும் இலைகளின் மேலேயே கிடப்பதால், படம் எடுப்பதற்காக நீரில் இறங்குவதை முற்றாகத் தவிர்க்கவேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கரையோரம் பெரிய பல்லியுரு ஒன்று ஊர்ந்தால், அது கபரகொய்யாவா உடும்பா என்பதை மூக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கபரகொய்யாவின் மூக்குத்துளை வட்டமாக, முகத்தின் நுனிக்கு அருகில் இருக்கும். உடும்புக்கோ அது கண்ணுக்கும் நுனிக்கும் இடையில், சாய்ந்த பிளவுபோல் தெரியும். செத்த உயிர்களைத் தின்று கரையைத் துப்புரவாக வைத்திருக்கும் கபரகொய்யாவைக் கண்டதும் கல்லெறிவது பெரும் அநியாயம். விலகி நின்றால் அது தன் வழியே போய்விடும்.

திரும்பும் முன் மரங்களின் உச்சியையும் பாருங்கள். இலங்கையில் மட்டுமே வாழும் ஊதாமுகக் குரங்கு அங்கே அமைதியாக இலை தின்றுகொண்டிருக்கக்கூடும். இலைகளைச் செரிப்பதற்கென்றே அமைந்த வயிறு அதற்கு; ஆகவே பாணோ பிஸ்கட்டோ நீட்டாதீர்கள்.