பாசிக்குடாவுக்குப் பெந்தோட்டை எதற்கு? சிறு விடுதிகளின் உள்ளக வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் உல்லை ஆகிய இடங்களில் ஐந்து முதல் பன்னிரண்டு அறைகள் கொண்ட சிறு விடுதிகளைக் கட்ட முனைவோர் பெரும்பாலும் ஒரே வகைப் படங்களையே கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்: வெள்ளைச் சுவர், சாம்பல்நிறச் சீமெந்துத் தரை, தாழ்ந்த மரக்கட்டில், மூலையில் ஒற்றைச் செடி. அயனமண்டல மினிமலிசம் என்று அழைக்கப்படும் இந்தப் பாணியில் பொருள்கள் குறைவு என்பதால் செலவும் பராமரிப்பும் குறைவாக இருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நடைமுறையில் இது மிகவும் சிரமமான பாணிகளுள் ஒன்று. அலங்காரம் நிறைந்த அறையில் ஒரு வெடிப்பையோ கறள் வடிந்த கோட்டையோ ஒரு படத்தை மாட்டி மறைத்துவிடலாம். பத்துப் பொருள்கள் மட்டுமே உள்ள அறையில் அந்தப் பத்தும் கண்ணில் படும். பதினோராவதாகப் பழுதும் படும்.

முதலாவது தவறு, எனது பார்வையில் ஏனைய தவறுகளுக்கெல்லாம் தாயானது, திசையைப் பாராமல் படியெடுப்பது. இப்பாணிக்கு இலங்கையில் முன்மாதிரியாகக் காட்டப்படும் கட்டடங்களிற் பல மேற்கு, தெற்குக் கரைகளிலேயே இருக்கின்றன. 1960களின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டையில் வடிவமைத்த கடற்கரை ஹோட்டலை எடுத்துக்கொண்டால், அங்கே கடல் மேற்கில் இருக்கிறது. சூரியன் கடலில் மறைகிறது. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து மழையைக் கொண்டுவரும் மாதங்களில் உல்லாசப் பயணிகள் குறைந்துவிடுகிறார்கள். எங்கள் கிழக்குக் கரையில் இவை அனைத்தும் தலைகீழானவை. சூரியன் கடலில் எழுகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையைக் கடற்பக்கக் கதவின்மீது நேராக அறைகிறது. அதே தென்மேல் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கச்சானாக, காய்ந்தும் சுட்டும் புழுதியோடும் தரைப்பக்கத்திலிருந்து எங்களை வந்தடைகிறது. அதுவும் விருந்தினர் நிறைந்திருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே வருகிறது.

ஆகவே எங்கள் விடுதி அறைக்கு இரண்டு முகங்கள் உண்டு. கடல்முகம் மழையைத் தாங்க வேண்டும், தரைமுகம் கச்சானைக் கையாள வேண்டும். ஆனால் கட்டப்படும் அறைகளில் கடற்பக்கம் முழுவதும் கண்ணாடியாகவும், தரைப்பக்கம் குளியலறையோடு சேர்ந்த மூடிய சுவராகவும் இருப்பதையே அதிகம் காண்கிறோம். ஒரு பக்கத்தில் மட்டும் திறப்புள்ள அறைக்குள் காற்று நுழைந்தாலும் வெளியேற வழியில்லாததால் அது ஓடாது. தரைப்பக்கச் சுவரின் மேற்பகுதியிலாவது திறந்து மூடக்கூடிய லூவர் பலகைகளை (சாய்வாக, இடைவெளிவிட்டு அடுக்கிய பலகைகள்) அமைக்க வேண்டும். பகலில் கச்சான் சுடும்போது அவற்றை மூடிவிட்டு, இரவில் காற்றின் சூடு தணிந்த பின்னர் திறந்தால், மின்விசிறியின் துணையோடு பலர் ஏசி இல்லாமலே உறங்கிவிடுவார்கள். குளியலறையை அறையின் பின்புறம் முழுவதற்கும் நீட்டாமல் ஒரு பக்கமாக ஒதுக்கினால் இதற்கு இடம் கிடைக்கும். இதை வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். பூச்சு வேலை முடிந்த பின் சுவரை உடைக்க எந்த உரிமையாளருக்கும் மனம் வருவதில்லை.

கடல் தெரிய வேண்டும் என்பதற்காக வைக்கப்படும் பெரிய கண்ணாடியைப் பற்றி ஒரு சிறு கணக்கைச் சொல்லியாக வேண்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் காலை ஆறு மணியளவில் எழுந்து மணிக்கு ஏறத்தாழ 15 பாகை உயர்கிறது. கதவின் உயரம் 8 அடியும் கூரையின் வெளிநீட்டம் 2 அடியும் என்றால், சூரியன் 76 பாகை உயரும் வரை, அதாவது ஏறக்குறைய பதினொரு மணி வரை, வெயில் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருக்கும். அதே கதவின் முன்னால் 8 அடி அகலமான விறாந்தை இருந்தால் ஒன்பது மணியோடு கண்ணாடி முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். விறாந்தையில்லாத அறையில் விருந்தினர் என்ன செய்கிறார்? ஏழு மணிக்கே எழுந்து தடித்த திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, விளக்கையும் ஏசியையும் போட்டுக்கொண்டு கிடக்கிறார். எந்தக் கடலுக்காக அந்தக் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தோமோ அந்தக் கடல் அரைநாள் தெரிவதில்லை. எங்கள் பழைய வீடுகளில் விறாந்தையும் சாய்மனைக் கதிரையும் இருந்தது சும்மா அழகுக்காக என்று எண்ணிவிடக் கூடாது. போதாக்குறைக்கு, கடற்காற்றில் வரும் உப்புப் படலத்தைக் கண்ணாடியிலிருந்து நாள்தோறும் துடைக்க ஓர் ஆள் வேண்டும்.

கூரையைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லலாம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. தட்டையான கொங்கிறீட் தட்டு பகல் முழுவதும் உறிஞ்சிய வெப்பத்தை, விருந்தினர் படுக்கைக்குப் போகும் நேரத்தில்தான் அறைக்குள் விடத் தொடங்கும். தட்டு தேவைதான் என்றால் அதற்கு மேலே பீலி ஓட்டுக் கூரை ஒன்றை எழுப்பி, இடையில் காற்றோட விட வேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட பெரியவர்களிடம் கேட்டால், அந்த ஓடுகளையும் சட்டத்தையும் எப்படிப் பிணைக்க வேண்டும் என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.

ஈரப்பதன் தரும் பழுதுகளை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெண்சுவர் அறைகளின் பேரைக் கெடுப்பது பெரும்பாலும் பூஞ்சணமே. வெளியே 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் இருக்கும் நாளில் அந்தக் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. ஏசியை 18 பாகையில் வைத்து அறையைக் குளிரவிட்டு, அதே வேளையில் விறாந்தைக் கதவைத் திறந்து வைத்தால், உள்ளே வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் நீராகப் படிகிறது. அலுமாரியின் பின்புறத்திலும் கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் காற்றுப் புகாததால் அந்த ஈரம் உலர்வதில்லை. சில வாரங்களில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றின்மேல் மறுபடியும் வெள்ளைப் பூச்சு அடிப்பதால் பயனில்லை, அடுத்த மாரியில் அதே இடத்தில் அதே புள்ளிகள் வரும். தளபாடங்களைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலமாவது தள்ளிக் கால்களின்மேல் நிறுத்துவதும், அலுமாரிக் கதவுகளை லூவராகச் செய்வதும், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும் தடித்த பிளாஸ்டிக் பூச்சுக்குப் பதிலாக உட்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சைத் தெரிவதும் உண்மையில் உதவும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற விடும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வளராது. தூய வெள்ளையை விட அதன் சற்றே மங்கிய வெண்மை எங்கள் வெயிலில் கண்ணுக்கும் இதமானது.

இதோடு சேர்ந்தது மாரிகாலப் பூட்டு. கல்குடாப் பக்கத்தில் ஒரு சிறு விடுதியின் உரிமையாளர், நவம்பரில் மெத்தைகளை அடுக்கி, கதவு யன்னல்களை இறுக்கிப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய், மார்ச் மாதத்தில் என்னையும் அழைத்துக்கொண்டு வந்து திறந்தார். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த மணத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அடியில் கிடந்த மெத்தைகளையும் திரைச்சீலைகள் எல்லாவற்றையும் எறியவேண்டி வந்தது. ஆளில்லாத அறையையும் வாரத்தில் ஓரிரு தடவை வெயில் எறிக்கும்போது திறந்து காற்றாட விட வேண்டும். விடாமழை நாட்களில் கதவுகளைச் சாத்திவிட்டு, ஏசியை ஈரத்தை எடுக்கும் ‘ட்ரை’ முறையில் சில மணிநேரம் ஓடவிட வேண்டும். மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல் நிறுத்தி வைப்பதும், அலுமாரிகளைத் திறந்தே விடுவதும் செலவில்லாத வேலைகள்.

அடுத்தது உலோகம். மரத்தைத் தெரிவதற்கு முதிரையா தேக்கா என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் பிணைச்சலையும் திருகாணியையும் கடைசி நாளில் கிடைத்த விலைக்கு வாங்குகிறார்கள். கடற்கரையில் முதலில் தோற்பது அவைதான். வெண்ணிறக் கதவில் ஓர் ஆணித்தலையிலிருந்து வடியும் கறள் ஒரே மழையில் அரையடி நீளக் கோடாகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே தரமல்ல. பொதுவாகக் கிடைக்கும் 304 வகை கடற்காற்றில் பழுப்புப் புள்ளி போடும். இரண்டு மூன்று வீதம் மொலிப்டினம் கலந்த 316 வகை அதைவிட நன்றாகத் தாங்கும். கைப்பிடிகளுக்கும் கொளுக்கிகளுக்கும் பித்தளை மிகவும் ஏற்றது. பித்தளை கறுக்குமே தவிரக் கறள் வடிக்காது. அந்தக் கறுப்பும் இப்பாணிக்கு அழகையே சேர்க்கும்.

மெருகிட்ட சீமெந்துத் தரையைப் பலரும் மலிவான மாற்று என்று நினைத்து, மாபிள் பதிப்பதற்குரிய அவகாசத்தைக்கூட மேசனுக்குக் கொடுப்பதில்லை. நான்கு முதல் ஆறு அடிக்கு ஓர் இணைப்புக் கோடு விடாமல் அறை முழுவதையும் ஒரே தகடாகப் பூசினாலும், குறைந்தது ஏழு நாட்களாவது ஈரமாக வைத்திராமல் கச்சானில் காய விட்டாலும் தரை தன் விருப்பப்படி வெடிக்கும். இன்னொன்று வழுக்கல். படுக்கையறையில் கண்ணாடி போல் மின்னும் தரை, கடலிலிருந்து ஈரக்காலோடு வருபவர் மிதிக்கும் விறாந்தையிலும் குளியலறையிலும் ஆபத்தானது. அங்கே சொரசொரப்பான பூச்சே வேண்டும். குளிக்கும் இடத்தில் தரை ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவிலாவது வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும்.

குறைத்தல் என்ற பெயரில் தேவையானவற்றையும் நீக்கிவிடுவது இன்னொரு பரவலான தவறு. பொத்துவிலில் அலைச்சறுக்குக்காக வரும் ஒருவரிடம் நாள்தோறும் ஈரத் துவாய், ஈர உடை, மணல் படிந்த பை ஆகியன இருக்கும். அவற்றைத் தொங்கவிட இடமில்லாத அறையில் அவர் கட்டிற் சட்டத்திலும் கதிரையிலும் காயப்போடுவார். படத்தில் அத்தனை அழகாக இருந்த வெறுமை அரைமணி நேரத்தில் கலைந்துவிடும். விறாந்தையில் ஒரு கொடியும் நான்கு கொளுக்கிகளும், படியருகே கால் கழுவ ஒரு குழாயும், சூட்கேஸை வைக்க ஒரு நீண்ட வாங்கும், கட்டிலின் இரு பக்கங்களிலும் பிளக்கும் சுவிட்சும் இருந்தால்தான் மீதி இடம் வெறுமையாகவே நிலைக்கும். நுளம்பு வலையையும் சிலர் அசிங்கம் என்று எடுத்துவிடுகிறார்கள். வாவிக்கரையில் அது நடக்காத காரியம். உட்கூரையில் சதுரச் சட்டம் அமைத்து நேராகத் தொங்கவிட்டால் வலையே அறையின் மிக அழகான பொருளாக அமையும். ஏசியின் குழாய், மின்கம்பி, வைஃபை பெட்டி ஆகியவற்றின் இடங்களையும் பூச்சுக்கு முன்னரே குறித்துவிட வேண்டும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: 6500 கெல்வின் வெள்ளொளி பல்பு எத்தகைய நல்ல அறையையும் மருந்துக்கடையாக்கிவிடும், 2700 முதல் 3000 வரையுள்ள மஞ்சளொளியே படுக்கையறைக்குப் பொருத்தம்.

இறுதியாக, எந்த ஊரிலும் இருக்கக்கூடிய அறையைக் கட்டுவது. சுவரில் புத்தர் தலை, மேசையில் பவளக்கிளை, மூலையில் பாலித்தீவுக் குடை. புத்தர் சிலையை அலங்காரப் பொருளாக்குவது இந்நாட்டில் பௌத்தர்களைப் புண்படுத்தும் செயல். பவளத்தை உடைத்தெடுப்பது சட்டத்துக்கு மாறானது. எங்கள் மரபுவழி ஆட்டமான வடமோடிக் கூத்தின் கிரீடத்தை வேட்டையாடிய மான்தலையைப் போல மாட்டி வைப்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, ஆடுபவர் அதை எத்தனை மரியாதையோடு தலையில் ஏற்றுகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பாவாவின் பெந்தோட்டை ஹோட்டலில் படியெடுக்கத் தகுந்தது ஒன்று உண்டென்றால், அது வரவேற்பு மண்டபத்தின் உட்கூரையை நிறைத்திருந்த ஈனா த சில்வா என்ற கலைஞரின் பத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய) துணிகளிலுள்ள துணிச்சல். சுற்றியுள்ள எல்லாம் அடங்கியிருக்க, நிறம் முழுவதும் ஓரிடத்தில் திரண்டிருந்தது. எங்கள் அறையில் அந்த இடத்தை எங்கள் கரையிலுள்ள மருதமுனையின் கைத்தறித் துணி நிரப்பலாம். கட்டிலின் கால்மாட்டில் ஒரு விரிப்பு, தரையில் ஒரு பன்பாய் போதும். அவை எதிரொலியையும் ஓரளவு உறிஞ்சும். வெறும் சுவரும் சீமெந்துத் தரையுமான அறையில் கரண்டி விழுந்தாலே இடி விழுந்தது போலக் கேட்கும் என்பதைப் படங்கள் காட்டுவதில்லை. நெசவாளரிடம் நேரில் சென்று அளவையும் நிறத்தையும் சொல்லி நெய்விக்க முடியும் என்பது, கொழும்பு விடுதிகளுக்கு எளிதில் கிட்டாத வசதி.

இவற்றை எல்லா அறைகளிலும் ஒரே தடவையில் செய்து பார்க்க வேண்டியதில்லை. ஓர் அறையை மட்டும் முற்றாக முடித்து, ஜூலையில் கச்சான் வீசும் ஓர் இரவும் டிசம்பரில் வாடைமழை கொட்டும் ஓர் இரவும் உரிமையாளரே அதில் படுத்துப் பார்க்கட்டும். எந்த இடுக்கால் தண்ணீர் வந்தது, எந்தக் கதவு அடித்துக்கொண்டது, விடிய எத்தனை மணிக்கு வெயில் முகத்தில் விழுந்தது, துவாயை எங்கே போடத் தேடினார் என்று அவர் குறித்துக்கொண்ட தாளை மேசனிடமும் ஓடாவியிடமும் கொடுத்துவிட்டு மற்ற அறைகளைத் தொடங்கலாம்.