கரண்ட் கம்பிக்கு அடியில் புங்கன் நடாதீர்கள்

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தம்பி வீட்டு வாசலில் புங்கங்கன்று நட்டுக்கொண்டிருந்தார். நேர் மேலே கரண்ட் கம்பி. கேட்டதற்கு, "வளர்ந்தா வெட்டிக்கலாம்ணே" என்றார். 15 வருடத்துக்கு முன் காட்பாடியில் எங்கள் தெருவில் நான்கு புங்கன் நட்டபோது நானும் இதையேதான் சொன்னேன்.

"வெட்டிக்கலாம்"

புங்கன் 50 அடிக்கு மேலும் போகும். தெரு ஓரமாகச் செல்லும் எல்.டி. கம்பிக்கு (வீடுகளுக்குக் கரண்ட் தரும் தாழ்வழுத்தக் கம்பி) விதிப்படி குறைந்தபட்ச உயரம் 5.5 மீட்டர், அதாவது 18 அடி. ஐந்தாம் வருடமே எங்கள் மரங்கள் கம்பியைத் தொட்டுவிட்டன. பராமரிப்பு மின்தடை நாளில் லைன்மேன் வந்து உச்சியை வெட்டினார். வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளைகள் கிளம்பி, ஒரே மழைக்காலத்தில் மறுபடி கம்பிக்கு வந்தன. அப்படி வரும் கிளைகள் பட்டையை ஒட்டி மேலோட்டமாகத்தான் பிடித்திருக்கும். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி நடுமரமும் உளுத்துப்போகும். ஒன்பதாம் வருடம் ஆடிக்காற்றில் ஒரு பெரிய கிளை பிய்ந்து, கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. விடியற்காலை என்பதால் தெருவில் யாரும் இல்லை. நான்கு மரங்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. குடம் குடமாக ஊற்றி வளர்த்த நிழல் ஒரே நாளில் போனது.

இன்றைக்கும் "வெட்டிக்கலாம்" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. வெட்டப்போவது அவர்களா? கம்பத்தில் ஏறும் லைன்மேன்தானே!

வேம்பு, வாகை, பாதாம், நெட்டிலிங்கம், தென்னை எல்லாமே கம்பியைத் தாண்டி வளரும், அவையும் வேண்டாம்.

மார்கழியில் அளப்பது

மார்கழிக் குளிரில் கம்பியின் உயரத்தை அளந்துவிட்டு அதை நம்பாதீர்கள். கத்திரி வெயிலில் கம்பி சூடேறி நீண்டு தொய்யும். வேலூர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் 12 அடிக்குள் நிறுத்தக்கூடிய மரமாகப் பாருங்கள். நந்தியாவட்டை, வெள்ளை மந்தாரை நட்டால் கவலை இல்லை. மாதுளை, தங்கரளி, பவழமல்லி, சீத்தா எல்லாம் தண்ணீர் கண்டால் இன்னும் உயரும். ஆனால் சின்னதிலிருந்தே கவாத்து செய்தால் அடங்கி நிற்கும், தரையில் நின்றபடியே வெட்டலாம். சீத்தா நம் பக்கத்துக் காய்ந்த மண்ணையும் தாங்கும்.

உயரத்தில் காய்க்கும் மரம்

மா, கொடுக்காப்புளி வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் இரும்புக் குழாயில் தொரட்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

முருங்கை

பொசுக்கென்று முறியும். நடாதீர்கள்.

11 கே.வி. லைன்

இது உயர் அழுத்த லைன். அதற்கு அடியில் எந்த மரமும் வேண்டாம். ஈரக் கிளை தொடக்கூட வேண்டாம், மிக நெருங்கினாலே மின்சாரம் பாயலாம்.