“பத்தாவது முடித்துவிட்டு ஜப்பான் வரட்டும்” என்று காத்திருக்காதீர்கள்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ டோக்கியோவில் வேலை கிடைத்ததும் நம் வீடுகளில் வரும் முதல் பேச்சு இதுதான்: “பிள்ளை பத்தாவது பொதுத்தேர்வை எழுதிவிட்டு வரட்டும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையை ஜப்பானிய உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், இதுதான் பெரிய தவறு.

ஜப்பானில் தொடக்கப் பள்ளி 6 ஆண்டு, நடுநிலைப் பள்ளி 3 ஆண்டு. கட்டாயக் கல்வி அதோடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு அது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். ஏப்ரலில் வகுப்பு தொடங்கிவிடும். நம் பத்தாவது தேர்வு முடிந்து முடிவு வரும்போது அங்கே சேர்க்கையே முடிந்திருக்கும். 15 வயதைக் கடந்த பிள்ளையை நடுநிலைப் பள்ளியிலும் எளிதில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஓராண்டு வீணாகலாம்.

14 வயதில் ஒன்பதாவது முடித்த கையோடு வந்தால், நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டில் சேர்க்கலாம். “மறுபடியும் ஒன்பதாவதா?” என்று தயங்க வேண்டாம், அங்கே அந்த வயதுக்கு உரிய வகுப்பே அதுதான். எந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வகுப்பாசிரியர் பெற்றோரையும் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுவது அந்த ஆண்டில்தான். விண்ணப்பத்தோடு போகும் ‘நைஷின்ஷோ’ என்ற மதிப்பீட்டு அறிக்கையை அந்தப் பள்ளிதான் தரும். இசை, ஓவியம், உடற்கல்வி உட்பட 9 பாடங்களின் மதிப்பெண்ணும் அதில் இருக்கும். பாட்டு வகுப்புதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாத சிக்கல். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாய் பக்கம் குடியேறும் நம்மவர்கள் பிள்ளையை இந்தியப் பள்ளியில் சேர்த்து, அப்புறம் ஜப்பானியப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் ஒன்பதாவது முடித்தவருக்கு நுழைவுத் தேர்வு எழுதத் தகுதி உண்டு (அந்த ஒன்பது ஆண்டுக் கணக்கில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வராது). அதே ஒன்பதாவதை ஜப்பானுக்குள் இருக்கும் இந்தியப் பள்ளி போன்ற சர்வதேசப் பள்ளியில் முடித்தால் அந்தத் தகுதி தானாக வராது. நடுநிலைப் பள்ளிக்குச் சமமான தகுதித் தேர்வை எழுத வேண்டி வரலாம், அது ஆண்டுக்கு ஒருமுறைதான். சில தனியார் பள்ளிகள் தாங்களே முடிவு செய்து சேர்த்துக்கொள்ளும். ஏழாவது படிக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

டோக்கியோவில் சில அரசுப் பள்ளிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கட்டுரையும் நேர்முகமும்தான் தேர்வு, ஆங்கிலத்திலும் எழுதலாம். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். ஆனால் ஜப்பான் வந்து பொதுவாக 3 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் பழகட்டும்’ என்று தள்ளிப்போட்டு அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டால் வருத்தம்தான் மிஞ்சும். வேறு மாகாணத்துக்குக் குடிபோனால் விதியும் மாறும், அங்கே புதிதாக விசாரிக்க வேண்டும்.

பிள்ளையை மட்டும் அங்கிருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பி அரசுப் பள்ளியில் சேர்க்கும் திட்டமும் பெரும்பாலும் நடக்காது, பெற்றோருடன் அதே மாகாணத்தில் வசிக்க வேண்டும் என்பார்கள். மாணவர் விசாவில் தனியாக வருவதென்றால் வயது 20-க்குள் இருக்க வேண்டும், பரிமாற்றத் திட்டம் அல்லாத பட்சத்தில் ஓராண்டு ஜப்பானிய மொழி படித்திருக்கவும் வேண்டும்.

தனி ஒதுக்கீடு இல்லாமல் எல்லோரும் எழுதும் நுழைவுத் தேர்வையே எழுதுவதானால், ‘கான்ஜி’ எனும் ஜப்பானியச் சித்திர எழுத்துகளுக்கு மேல் உச்சரிப்பு அச்சிட்ட வினாத்தாளைப் பல மாகாணங்களில் கேட்டு வாங்கலாம். விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும், தேர்வு அறையில் கேட்டால் கிடைக்காது.